வெள்ளைக்கும் சேர்த்துச் சமைக்கும் பச்சை



உங்களில் சிலர் வீட்டு ஜன்னலோரம் ஹோயா கொடியைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். மெழுகு பூசினாற்போன்ற தடித்த இலை, பச்சையின் ஓரத்தில் வெள்ளை, தளிரில் இளஞ்சிவப்பு. தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது, ஒரு பிரபுவின் தோட்டத்தில் வேலை பார்த்த தாமஸ் ஹோய் என்பவரை நினைத்து வைத்தார். தோட்டத்துக்குச் சொந்தக்காரர் பிரபு. பெயர் கிடைத்ததோ மண்ணில் கைவைத்தவருக்கு. எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி.

அந்த இலையின் வெள்ளையை உற்றுப் பாருங்கள். அங்கே பச்சையம் கிடையாது. எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் அது தனக்கென்று உணவு சமைக்காது. பக்கத்துப் பச்சைதான் அதற்கும் சேர்த்துச் சமைக்கிறது. அதனால்தான் முழுப்பச்சை ஹோயாவைவிட இது மெதுவாக வளர்கிறது. சில நேரம் ஒரு கிளை முழுக்க வெள்ளையாகவே வரும். தாய்க்கொடியோடு இருக்கும்வரை அதற்கு உயிர் உண்டு. வெட்டித் தனியே நட்டால் பிழைக்காது.

உடலில் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே இன்றியமையாதவை என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் பவுலடியார் சொல்கிறார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பா, நமக்குப் புரியும்படி பேச வராத பிள்ளை, நினைவு தப்பிய பாட்டி: இவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டு நின்ற மகளும் இருக்கிறாள். கூடப் படித்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள், இவள் அப்படியே இருக்கிறாள் என்று ஊர் பேசுகிறது. அப்படிப் பேசாதீர்கள். இரண்டு உயிருக்குச் சமைக்கிறவள் அவள்.

இந்தக் கொடியில் சில சமயம் முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பும். வெகு வேகமாக ஓடும். விட்டால் செடியையே பிடித்துக்கொள்ளும், வெள்ளை அற்றுப்போகும். வளர்க்கத் தெரிந்தவர்கள் அந்த வலுத்த கிளையைத்தான் கத்தரிக்கிறார்கள். நோயாளியின் மருந்துச் செலவு என் முன்னேற்றத்தைத் தடுக்கிறது என்று கணக்குப் பார்க்கும் மனசு நமக்குள் தலைதூக்கும்போது, கத்தரி அங்கேதான் போக வேண்டும்.

உச்சி வெயில் நேரே பட்டால் வெள்ளைதான் முதலில் கருகும். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும்; மண் காய்ந்த பிறகே தண்ணீர். பூ உதிர்ந்து மொட்டையாக நிற்கும் காம்பை நறுக்காதீர்கள், அதிலேயே மறுபடி மொட்டு வைக்கும். முதியவர்களிடமும் இனி என்ன இருக்கிறது என்று அவசரப்பட்டுத் தீர்மானிக்காதீர்கள்.

வரும் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவருவேன். ஞாயிறு பூசைக்கு வர முடியாமல் அவர்களோடு வீட்டிலேயே இருப்பவர்கள் நம் பங்கில் உண்டு. அவர்களுக்குப் பதிலாக அந்த ஒரு மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் உட்கார யாரால் முடியும்? பூசை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.