இரவில் பாதை யாருக்கு?



வெளிநாடு போகிற பிள்ளையை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகாத வீடு லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் குறைவு. வழியில், நான்குவழிச் சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் புள்ளிமானைச் சிலர் பார்த்திருப்பீர்கள். "இந்த நேரத்தில் இது ஏன் ரோட்டுக்கு வந்தது?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறோம்.

கோடையில் தண்ணீர் தேடி வருகிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஏன் இரவில்? புள்ளிமான் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் மேய்கிற பிராணி. 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 6 கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பாதி பகல், பாதி இரவு என்று நடமாடும் பிராணிக்கு, மனிதர்கள் அருகில் இருந்தால் இரவின் பங்கு 68 சதவீதமாகிவிடுகிறதாம். என்னை உறுத்தியது வேறொன்று. வேட்டைக்காரனுக்கு மட்டுமல்ல, சும்மா நடந்துபோகிறவனுக்கும் அவை அதே அளவு ஒதுங்குகின்றன. "நான் எதையும் தொடவில்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

பூமியில் ஊர்வனவும் இறக்கையால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் அன்ஆம் சூராவில் சொல்கிறான். இன்னொருவரின் பொருளை எடுத்தால் அது திருட்டு என்போம். ஒரு சமுதாயத்தின் பகலையே எடுத்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்?

மக்காச்சோளம் போட்டு, மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் பறிகொடுத்தவர் இதைக் கேட்டால் வயிறெரிவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பயிரைக் காப்பதும் விரட்டுவதும் அவர் உரிமை. வேலியில் திருட்டுத்தனமாகக் கரண்ட் கொடுப்பது அப்படியல்ல; அதில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

பயணத்தில் இரவு தங்கினால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள், இரவில் அது பிராணிகள் நடமாடும் வழி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பயணியின் பாதுகாப்புக்கான ஒழுக்கம் இது என்றுதான் உலமாக்கள் விளக்குவார்கள். சரிதான். ஆனாலும் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். பாதையை உண்டாக்கியது மனிதன். இரவில் ஒதுங்கச் சொன்னதும் மனிதனைத்தான்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் இரவிலும் ஓடுகின்றன. பகலை விட்டுக்கொடுத்த மானுக்கு இரவும் மிச்சமில்லை. லாரி ஓட்டுகிறவர்கள் இதைப் படிக்கக்கூடும். பிழைப்பை விடுங்கள் என்று சொல்லவில்லை. காட்டை ஒட்டிய இடம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும், கொஞ்சம் நில்லுங்கள். ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள், ஹாரனை அலறவிடாதீர்கள். ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்புங்கள்.