ஐந்தொகை காட்டாத பெறுமதி

யாழ்ப்பாணத் தீவகத்தாருக்குக் கணக்குப் புத்தகம் புதிதல்ல. மண் தந்தது போதாமல் புங்குடுதீவிலும் வேலணையிலும் இருந்து கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் போய்க் கடை வைத்தவர்களின் வழிவந்தோர் நம்மில் ஏராளம். இன்று அவர்களிற் சிலர் கொழும்புப் பங்குச் சந்தையில் பங்கு வாங்குகிறார்கள். வாங்குமுன் கம்பனியின் நிதிக்கூற்றுகளை வாசிக்கவும் பழகுகிறார்கள். விகிதங்களைக் கணிப்பது பெரிய காரியமில்லை. உயர்தரத்தில் கணக்கீடு படித்த பிள்ளையே கணித்துத் தந்துவிடும். கணித்து வந்த அந்த எண் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

1983 யூலையில் தென்னிலங்கையில் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. இருப்பு எரிந்தது, தளபாடம் எரிந்தது, யார் எவ்வளவு தரவேண்டும் என்று எழுதிவைத்த கொப்பியும் எரிந்தது. மறுநாட் காலையில் அந்தக் கடையொன்றுக்கு ஐந்தொகை தயாரித்திருந்தால், சொத்துப் பக்கம் வெறுமையாக இருந்திருக்கும்; பொறுப்புப் பக்கத்தில் கடன்கொடுத்தோர் மட்டும் அப்படியே இருந்திருப்பார்கள். ஆனாலும் பலர் திரும்பவும் கடை திறந்தார்கள். கையிற் காசில்லாதவருக்குச் சரக்கை நம்பிக் கொடுக்க யாரோ ஒருவர் முன்வந்தாலொழிய அது நடக்கிற காரியமா? அந்த நம்பிக்கைக்குக் கணக்கீட்டில் நன்மதிப்பு என்று பெயர். பெயரைச் சூட்டிவிட்டு, ஒரு நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட நன்மதிப்பைச் சொத்தாகக் காட்டக்கூடாது என்று இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38 தடுத்தும் விடுகிறது. இன்னொருவர் அந்த வணிகத்தை விலைகொடுத்து வாங்கும்போதுதான், வாங்கியவரின் ஐந்தொகையில் அது இடம்பிடிக்கிறது. தடை நியாயமானதே. தன் பெயருக்குத் தானே விலை குறிக்கலாம் என்றால் குறைத்துக் குறிப்பவர் யார்?

எழுதப்பட்டிருந்தும் பெறுமதி இல்லாதவையும் உண்டு. தீவுகளில் பூட்டிக் கிடக்கும் கல்வீடுகளை நாம் அறிவோம். சொந்தக்காரர் கனடாவில், பிரான்சில், சுவிசில். கட்டிய செலவைக் கூட்டினால் பெருந்தொகை வரும். வாடகைக்கு வர ஆளில்லை. சொத்தின் பெறுமதி அது இனித் தரப்போவதில் இருக்கிறதே தவிர, அதற்காக நாம் கொடுத்துத் தீர்த்ததில் இல்லை. ஒரு கம்பனியின் தொழிற்சாலை என்றால் இதை உடனே ஒப்புக்கொள்ளும் மனம், தகப்பன் கட்டிய வீடு என்றால் ஒப்புக்கொள்ளாது. வீடு விற்பனைக்கு வராதவரை ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை.

இலாபத்தையும் இப்படித்தான் கேள்வி கேட்கவேண்டும். சோளகக் காற்றா வாடைக் காற்றா என்று கேளாமல், நெடுந்தீவுக் கடலில் ஒருநாள் ஓட்டத்தை வைத்து ஒரு வள்ளத்தை எடைபோடுவாருண்டா? பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் சரக்குக் கட்டணங்கள் பலமடங்கு ஏறியபோது சரக்கு அனுப்பும் கம்பனியான எக்ஸ்போலங்காவின் இலாபமும் பங்கு விலையும் கூடவே ஏறின. கட்டணங்கள் இறங்கின, கம்பனி நட்டத்துக்கு வந்தது. முன்னைய இலாபம் பொய்யல்ல, அது நிலைக்கும் என்று வாங்கியவர் எண்ணியதுதான் பிழை. 2022 இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 350 ஐத் தாண்டியது. டொலர் வைத்திருந்த கம்பனிகள் சில, ஒன்றும் செய்யாமலே இலாபம் காட்டின. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை நெருங்கியபோது, அந்த இலாபத்தால் என்ன வாங்க முடிந்தது என்பது வேறு கதை. இலாபம் மாறாவிட்டாலும் வட்டி மாறினால் பெறுமதி மாறும். 2021 இன் முடிவில் திறைசேரி உண்டியல் நூற்றுக்கு 8 வீதமளவில் வட்டி தந்தது; அடுத்த வருடம் கிடைக்கவிருந்த 100 ரூபாய்க்கு அன்றைய பெறுமதி ஏறக்குறைய 93. வட்டி 30 வீதத்தை எட்டியதும் அதே 100 ரூபாய் 77 ஆகச் சுருங்கியது. கம்பனியில் ஓர் ஆணிகூட அசையவில்லை. அசைந்தது, நாளையைப் பற்றி நாட்டுக்கு இருந்த நம்பிக்கை.

மார்ச் 31 ஆம் திகதியோடு கணக்கு நின்றுவிடுகிறது; ஆனால் கொடுத்த சொல்லைக் காப்பாற்றும் மனிதர்களும், காப்பாற்ற விடாத காலமும், இரண்டுக்கும் நடுவே உழைத்து ஓயாத ஆசையும் அந்தத் திகதியில் நிற்பதில்லை என்பதாலேயே, பெறுமதியைக் கணிக்கத் துணிகிற ஒவ்வொருவரும் இறந்தகாலத்தின் சாட்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பிறவாத ஒன்றின்மேல் தீர்ப்புச் சொல்கிறார்; அத்தீர்ப்பில் தன் அறியாமைக்கும் ஒரு கழிவு கொடுக்கத் தெரிந்தவரையே நாம் கணக்கு வாசிக்கத் தெரிந்தவர் என்று சொல்லலாம்.

ஆகவே, அடுத்த ஆண்டறிக்கை கைக்கு வரும்போது தலைவரின் உரையையும் வண்ணப் படங்களையும் ஒதுக்கிவையுங்கள். காசுப்பாய்ச்சல் கூற்றையும், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளையும் முதலில் வாசியுங்கள். முடிந்தால் ஐந்து வருட அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.