நாகர் மண்ணும் நமது உரிமையும்

மண்ணுக்கு உரிமை எதனால் பிறக்கிறது? முன்னோர் வாழ்ந்ததாலா, இன்று வாழ்வோர் உழைப்பதாலா? நயினாதீவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவ்வினா எழுகிறது.

அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அருகருகே உள்ளன. தமிழர் அத்தீவை மணிமேகலையின் மணிபல்லவம் என்பர்; சிங்கள பௌத்தர் மகாவம்சத்தின் நாகதீபம் என்பர். நாகரைத் தம் முன்னோராகக் காட்டி, அதையே காணி உறுதியாக நீட்டுவோர் இரு பக்கத்திலும் உளர்.

வரலாறு அவ்வுறுதியை எவர் பெயரிலும் எழுதித் தரவில்லை. 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு இப்பகுதியை நாகதீவு என்று குறிக்கிறது. அதன் மொழி பிராகிருதம். அநுராதபுர மன்னருள் சோரநாகன், இளநாகன் உண்டு. சங்கப் புலவருள் முரஞ்சியூர் முடிநாகராயர் உண்டு. இரு மொழிப் பரப்பிலும் கலந்து கிடக்கும் பெயரை ஒருவர் பங்காக எவ்வாறு பிரித்தெடுப்பது?

இரு நூல்களும் ஒரு செய்தியில் ஒன்றுபடுவதை நாம் மறந்துவிடுகிறோம். மகாவம்சத்தில் மாமன் மகோதரனும் மருமகன் சூளோதரனும் மணி ஆசனத்துக்காகப் படை திரட்டுகின்றனர். மணிமேகலையிலும் நாகநாட்டு மன்னர் இருவர் பீடத்துக்காகப் பொருதுகின்றனர். புத்தர் வந்து போரை நிறுத்துகிறார். ஆசனம் இருவருக்கும் இல்லையாகிறது. அக்கதையைக் காட்டியே நாம் மீண்டும் ஆசனத்துக்குப் போரிடுகிறோம்!

‘நம் தொன்மையை மறுப்போர் முன் வாளாவிருப்பதா?’ எனச் சிலர் கேட்பர். பொய்யை மறுக்க வரலாறு வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆயின் தொன்மையே உரிமைக்கு அடிப்படை என்றால், பின்வந்தோருக்கு நீதி எங்கே? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவராயினர். பூர்வீகத்தை அளவுகோலாக்கினால் விளைவது இதுவே.

1990இல் போர் மூண்டபோது தீவக மக்களுள் பெரும்பகுதியினர் ஊர்விட்டு ஓடினர். அவர்களுக்குத் தம் வளவுக்குத் திரும்பும் உரிமை இருந்தது, நாகர் வழிவந்தவர் என்பதாலன்று. உவர் நிலத்தில் நன்னீர்க் கிணறு தோண்டியவர்கள் அவர்கள், பனையைப் பேணியவர்கள், அக்கடலில் வலை வீசியவர்கள். அவ்வுரிமைக்கு நாகரின் சாட்சி தேவையில்லை.

நாகரை ஆராய்வோம், மாணவருக்கும் கற்பிப்போம். ஆனால் அவர்தம் எலும்புகளை வேலிக் கதியாலாக நடமாட்டோம்.