விலையில்லாச் சேவையும் பிறர் எண்களும்

விலையில் ஏற்படும் சிறு மாற்றத்துக்கும் வாங்குவோர் தம் தேர்வை மாற்றிக்கொள்ளும் இயல்பைப் பொருளியலார் விலை உணர்திறன் என்பர். கட்டணமில்லாத செயலிகளையே பெரும்பாலோர் நாடுவதைக் கண்டு, மக்கள் தம் அந்தரங்கத்தைப் பெரிதாகக் கருதுவதில்லை என்று முடிவுகட்டுவது எளிது. அறத்தின் முன் அம்முடிவு நிற்குமா என்பதே ஆராயத்தக்கது.

வாட்ஸ்ஆப்பின் வரலாறு இதற்கு நல்ல உரைகல். முதலாண்டுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு டாலர் என்றிருந்த கட்டணத்தை, பயனர் பலரிடம் வங்கி அட்டையே இல்லை என்ற காரணத்தையும் சொல்லி, அந்நிறுவனம் 2016 ஜனவரியில் கைவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், பயனரின் கணக்குத் தகவல்களைத் தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குடன் பகிரும் கொள்கையை அறிவித்தபோது, விளம்பரத்துக்கு அவற்றைப் பயன்படுத்துவதை மறுக்க, ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 30 நாள் அவகாசம் தந்தது. 2021இல் வந்த கொள்கையில் அந்த வாய்ப்பும் இல்லை. செய்திகள் மறையாக்கம் செய்யப்படுவதால் நிறுவனம் அவற்றைப் படிக்க இயலாது என்பது மெய்யே. ஆயினும் யார், யாருடன், எப்போது தொடர்புகொள்கிறார் என்னும் புறவிவரம் அந்தப் பூட்டுக்கு வெளியே கிடக்கிறது.

திருமயம் கடைவீதியில் மளிகைக் கடை நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வாடிக்கையாளர் சாமான் பட்டியலை வாட்ஸ்ஆப்பில்தான் அனுப்புகின்றனர். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைக்கும் மகனின் முகத்தை அதில்தான் தாய் காண்கிறாள். வெளிநாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கொடுத்த காலத்தை மறவாத குடும்பத்துக்கு இந்தச் சிக்கனம் அற்பமன்று. விலகினால் வணிகமும் உறவும் அறுபடும் நிலையில் ஒருவர் அளிக்கும் இசைவை விருப்பத்தின் அடையாளமாகக் கொள்வது, கந்துவட்டிக்குக் கையெழுத்திட்டவர் வட்டியை விரும்பினார் என்பதற்கு ஒப்பாகும். இந்தியப் போட்டி ஆணையமும் 2024 நவம்பரில், ஏற்றுக்கொள் அல்லது விலகு என்ற 2021 கொள்கையின் நிபந்தனையை நியாயமற்றதென்று கண்டு, மெட்டா என்று பெயர் மாறிய ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

பணம் கொடுப்போர்க்கு விளம்பரமற்ற சேவை என்பது மாற்றாக முன்வைக்கப்படுகிறது. 2023 நவம்பரில் மெட்டா ஐரோப்பாவில் ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும், இணையவழிப் பயன்பாட்டுக்கு, மாதம் 9.99 யூரோ கேட்டது. அந்தரங்கத்தை வசதியுள்ளோரின் உடைமையாக்கும் இவ்வழி, கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றினும், அறத்தில் ஒரு படி கீழிறங்குவதே.

இவ்விவாதத்தில் பெரும்பாலும் விடுபடுவது வேறொன்று. தமிழக அரசு 'இலவசம்' என்பதற்கு மாற்றாகப் பழக்கிய 'விலையில்லா' என்ற சொல், பெறுபவர் விலை தரவில்லை என்று மட்டுமே கூறுகிறது; எவருமே தரவில்லை என்று கூறவில்லை. செயலிக்குத் தன் தொடர்பு ஏட்டைத் திறந்துவிடும் கடைக்காரர் தன் எண்ணை மட்டும் கொடுப்பதில்லை. கடன் வாங்கியவர், மருத்துவர், மணமுறிவு வழக்கில் ஊர் திரும்பிய உறவுப்பெண் என அந்த ஏட்டில் உள்ளோர் எவரும் எந்தப் பேரத்திலும் அமர்ந்ததில்லை. தன் பொருளை மலிவாக விற்கும் உரிமை ஒருவர்க்கு உண்டென்று ஒப்பினாலும், இங்கே கைமாறுவதில் ஒரு பகுதி அவருடையதே அன்று.