விழா நாளில் திறக்கும் சுங்க வாயில்

கொடை என்றதும் நம் மனம் கொடுப்பவரைப் புகழத் தொடங்கிவிடுகிறது. யாருக்குக் கொடுத்தார், யாரை விட்டுவிட்டார், கொடுத்த பொருளின் பாரத்தைச் சுமப்பவர் யார் என்ற கேள்விகளை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. தனி மனிதர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது கேட்காமலிருப்பது மரியாதையாகவும் இருக்கலாம். ஆனால் ஓர் அரசாங்கம் கொடுக்கும்போது இவற்றைக் கேட்டே ஆகவேண்டும். சீன நாட்டுச் சாலைகளிலிருந்து இதற்கோர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

சீனாவின் விரைவுச் சாலைகளில் பெரும்பாலானவை கடன் வாங்கியோ, கம்பெனிகளின் முதலீட்டைக் கொண்டோ போடப்பட்டவை. அந்தப் பணத்தை மீட்பதற்காகவே வாகனங்களிடம் சுங்கம் வசூலிக்கப்படுகிறது. 2012 ஜூலையில் அந்நாட்டு மத்திய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டு, முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் சிங்மிங், மே தினம், அக்டோபர் முதல் தேதி வரும் தேசிய தினம் ஆகிய நான்கு விடுமுறைகளிலும், 7 இருக்கைகளுக்கு மேற்படாத சிறு பயணி வாகனங்களுக்குச் சுங்கம் இல்லை என்பதே அது. போக்குவரத்து தடையின்றி நடக்க வேண்டும், மக்கள் விரைவாகப் போய்ச்சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். இச்சலுகை இன்றளவும் தொடர்கிறது.

நிய்யத் நல்லதுதான். பிழைப்புக்காகத் தொலைதூரம் போனவர்கள் ஆண்டுக்கொரு முறை பெற்றோர் முகம் காணத் திரும்பும் வேளையில், வழியில் நிறுத்திப் பணம் கேட்காமலிருப்பது ஒரு நாகரிகம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல எண்ணம் மட்டுமே ஒரு செயலை நீதியானதாக ஆக்கிவிடுமா?

முதலில், பெறுகிறவர் நிலையைப் பார்ப்போம். சலுகை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2012 செப்டம்பர் 30 அன்று. அன்றைக்கே பல சாலைகளில் கார்கள் நகர முடியாமல் நின்றன. பயணிகள் காரை விட்டிறங்கி விரைவுச் சாலையின் மீதே உலாவிக்கொண்டிருந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்த சலுகை, எல்லோருடைய நேரத்தையும் விழுங்கிவிட்டது. இன்னொன்றும் உண்டு. விரைவுச் சாலையிலிருந்து வாகனம் வெளியேறும் நேரத்தைக் கொண்டே சுங்கம் உண்டா இல்லையா என்பது தீர்மானிக்கப்படுகிறது. விடுமுறையின் முதல் நாள் நள்ளிரவு 12 மணிக்குச் சலுகை தொடங்கும். ஆகவே முன்னதாக வந்துவிட்ட சிலர், வெளியேறும் வழிக்குச் சற்று முன்னால், அவசர ஊர்திகளுக்கென ஒதுக்கிய ஓரத்தில் காரை நிறுத்திக்கொண்டு மணி 12 ஆகட்டும் என்று காத்திருக்கிறார்கள். அப்படி நிற்கக் கூடாதென்று போலீசார் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சில யுவான்களை மிச்சப்படுத்த, பின்னால் இருட்டில் வேகமாய் வருகிறவரின் உயிரைப் பணயம் வைப்பது எந்த வகையில் நியாயம்? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை நற்செயலென்று கருதும் நாம், நம்மையே பாதைக்கு இடையூறாக்கிக்கொள்ளலாமா?

அடுத்து, விடுபட்டவர் நிலை. 5 பேர் அமரும் கார் சுங்கமின்றிப் போகிறது. 40 பேரை ஏற்றிச் செல்லும் பஸ் சுங்கம் செலுத்திவிட்டுப் போகிறது. கார் வாங்க வசதியுள்ளவருக்குச் சலுகை கிடைக்கிறது. வசதியில்லாமல் பஸ்ஸில் ஏறியவரின் டிக்கெட்டுக்குள் சுங்கமும் அடங்கியிருக்கிறது. இருவரும் போவது ஒரே ஊருக்கு, ஒரே விழாவுக்கு. இருவருக்காகவும் வாசலில் ஒரு தாய் காத்திருக்கிறாள்.

பஸ் என்பது வியாபாரம், அதற்குச் சுங்கத்தைத் தள்ளினால் முதலாளிக்கல்லவா லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தள்ளிய அளவுக்குக் கட்டணத்தையும் குறைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க அரசுக்கு அதிகாரமில்லையா? அதே சீனாவில், காய்கறி, பழம் போன்ற புத்தம் புதிய விளைபொருள்களை முறைப்படி ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு ஆண்டு முழுவதும் சுங்கம் இல்லை. 2010 டிசம்பர் முதல் நாடெங்கும் இது நடைமுறையில் இருக்கிறது. வண்டி யாருடையது என்று பாராமல், அதில் போவது என்ன, அதனால் பயன் யாருக்கு என்று பார்த்துக் கோடு கிழிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவது, பாரத்தைச் சுமப்பவர் யார்? தள்ளுபடியான சுங்கம் மறைந்து போவதில்லை. 2020இல் கொரோனா தொற்றுப் பரவியபோது பிப்ரவரி 17 முதல் மே 5 வரை, 79 நாட்கள், அந்நாட்டில் எல்லா வாகனங்களுக்கும் சுங்கம் நிறுத்தப்பட்டது. பின்னர் சில மாகாணங்களில், அந்த நாட்களுக்கு ஈடாகச் சாலைகளின் வசூல் காலம் நீட்டிக்கப்பட்டது. இன்று கொடுக்காததை நாளை வேறொருவர் கொடுக்கிறார். அது தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஆபத்துக் காலத்தில் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். கடனுக்குத் தவணை சொன்னோமா, கடனையே தள்ளினோமா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆகவே, விழா நாளில் சுங்க வாயில் திறக்கட்டும். முதலில் பஸ்ஸுக்குத் திறக்கட்டும். பிறகு காருக்கும் திறக்கட்டும். இது சீனத்துக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் வீட்டு விசேஷத்தில் யாரை முன்பந்தியில் உட்காரவைக்கிறோம், யாரைக் கொல்லைப்புறத்தில் காக்கவைக்கிறோம் என்பதையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். சலுகை பெறும் நாளிலும், அது கிடைக்காமல் பக்கத்தில் நிற்பவரின் ஹக்கு நம்மீது இருக்கத்தான் செய்கிறது.