மிதவையைப் பிடித்திருப்பவர்

ஹேவ்லாக் தீவின் எலிஃபண்ட் கடற்கரையில், மூன்று வயது மகளை மனைவியின் மடியில் விட்டுவிட்டு, "அரை மணி நேரம், தனியா போயிட்டு வந்துடறேன்" என்றேன். அவள் "சரி" என்றாள். அது எந்த மாதிரி சரி என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

தனியாக இருக்க ஏன் கடலுக்குள் போகவேண்டும்? 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் வந்துவிட்டது. தீவில் சிக்னல் இருக்காது என்று மேனேஜரிடம் சொல்லித் தப்பித்த காலம் போயிற்று. அன்று காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் விடுதி வராந்தாவிலிருந்து நானும் பேசியிருந்தேன். முகம் தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் என்னை யாரும் கூப்பிட முடியாது.

உள்ளே நிசப்தம் என்று எதுவும் இல்லை. கூஸ்தோ தன் 1956 ஆவணப்படத்துக்கு 'மௌன உலகம்' என்று பெயர் வைத்தார். அழகான பெயர், ஆனால் தப்பு. சொடுக்கு இறால்கள் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கின்றன. கிளிமீன் பவளப்பாறையைச் சுரண்டும் கரகரப்பு வேறு. தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகிறது. அதனால் எந்தப் பக்கத்துச் சத்தம் என்று நம் காதுகளால் பிரிக்க முடிவதில்லை. எனக்குக் கிடைத்த நிம்மதி அதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். இவ்வளவு சத்தத்தில் ஒன்றுகூட என்னிடம் எதையும் கேட்கவில்லை.

மூக்குக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து தலையைத் தூக்கியபோதுதான் அந்தப் பையனைப் பார்த்தேன். அங்கே நமக்கு ஒரு ரப்பர் வளையம் தருவார்கள். அதைப் பிடித்தபடி நாம் கீழே பார்க்க, வழிகாட்டி நம்மை இழுத்துக்கொண்டு போவார். நான் தனியாக இருந்த நேரம் முழுக்க அவன் தலை வெயிலில் இருந்தது. இன்றைக்கு நான் எத்தனையாவது ஆள் என்று என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். பதினொன்று என்றான்.

துறவிக்கும் மதியம் யாரோ ஒரு வீட்டில் உலை கொதிக்கவேண்டும். 'மீ டைம்' நம் உரிமை, குற்றவுணர்ச்சி வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருடத்தில் அந்த உரிமையை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காததால் தேவையில்லை என்று நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். ஒரு த்ரெட் லாக்கைப் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னொன்று நகராமல் நிற்கும். கோடில் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

கரைக்கு வந்தபோது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. மகள் மணலில் அழுது முடித்துத் தூங்கியிருந்தாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, "இன்னைக்கு நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"எனக்குக் கடல்லாம் வேண்டாம். ரூம் கதவைச் சாத்திட்டு நாலு மணி நேரம் தூங்கணும். நீ இவளைக் கூட்டிட்டு எங்கயாவது போ."

போனோம். கிளிஞ்சல் பொறுக்கினோம், இளநீர் குடித்தோம், இரண்டு தடவை ஜட்டி மாற்றினேன். போனை எடுத்து 'எப்போ எழுந்திருப்பே?' என்று டைப் செய்துவிட்டு மணி பார்த்தேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அழித்தேன்.