நோயாளியின் தலைமாட்டில் ஒரு ஜும்ஆ



இன்றைய பயானை ஒரு மஸ்அலாவிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் அத்தாவுக்குக் கடுமையான மூச்சுத்திணறல். படுக்க முடியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்தே கழித்திருக்கிறார். மணி பன்னிரண்டரை, பாங்கு சொல்லியாகிவிட்டது. ஜும்ஆவுக்குப் போவதா, அத்தாவின் பக்கத்தில் இருப்பதா?

ஃபிக்ஹு நூல்களில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. விட்டுவிட்டுப் போனால் நோயாளிக்குக் கேடு வரும், கவனிக்க வேறு ஆளும் இல்லை என்றால், பணிவிடை செய்பவர்மீது ஜும்ஆ கடமையில்லை. அவர் வீட்டிலேயே லுஹர் தொழுதுகொள்ளலாம். ஹனஃபீ, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலும் இதுதான் சட்டம். ஷாஃபிஈ இமாம்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். வேறு ஆள் இருந்தாலும், நெருங்கிய உறவினரான நோயாளிக்கு இவர் அருகில் இருப்பதுதான் மனஆறுதல் என்றால், அதுவும் மார்க்கம் ஏற்கும் காரணம்தான் என்கிறார்கள்.

நுரையீரல் நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மூச்சு முட்டும்போது பயம் வருகிறது, பயம் வந்தால் மூச்சு இன்னும் வேகமாகி மேலும் முட்டுகிறது. அந்த நேரத்தில் பழகிய ஒரு கை முதுகில் இருந்தால், பதற்றமில்லாத ஒரு குரல் காதில் விழுந்தால், மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது.

ஸஹாபாக்கள் இதை எப்படிப் புரிந்திருந்தார்கள் என்று பாருங்கள். பத்ருப் போர் நேரம். உஸ்மான் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவிலேயே இருக்கச் சொன்னார்கள். அவருடைய மனைவி, நபிமகளார் ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் உஸ்மானுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். இது புகாரீயில் வருகிறது. அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை, ஸயீத் இப்னு ஸைத் (ரலி) நோயுற்றிருக்கும் தகவல் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு வருகிறது. ஜும்ஆ நேரம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. சுன்னத்தைப் பேணுவதில் பேர்போன அந்த ஸஹாபி, வாகனத்தில் ஏறி நோயாளியிடம் போனார். அன்று அவர் ஜும்ஆவுக்கு வரவில்லை.

இனி என்னுடைய கதை. எங்கள் அத்தா பல வருடம் பீடி குடித்தவர். கடைசிக் காலத்தில் சி.ஓ.பி.டி. என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருக்கு இளைப்பு கூடியிருந்தது. மனைவியிடம் “பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு மிம்பருக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது, அத்தா மேசைமேல் தலையணையை வைத்து அதன்மேல் கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மனைவி முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து நாஷ்டா சாப்பிடவில்லை, லுஹரும் தொழவில்லை. அத்தா என்னைப் பார்த்து, “பயான்... நல்லா... இருந்துச்சா?” என்றார். அந்த மூன்று வார்த்தைக்கு மூன்று மூச்சு வாங்கினார்.

சட்டப்படி நான் செய்தது தப்பில்லை, வீட்டில் ஆள் இருந்தது. ஆனால் அந்த ஆள் யார்? மாமனாருக்குப் பணிவிடை செய்வது மருமகள்மீது கடமை என்று ஃபிக்ஹில் இல்லை. அவள் செய்தால் அது இஹ்ஸான், உபகாரம். கடமை மகனுடையது. என் கடமையை, கடமையில்லாத ஒருத்தியின் தோளில் இறக்கி வைத்துவிட்டுத்தான் நான் மிம்பரில் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தை நன்றியாவது சொன்னேனா என்றால், அதுவும் இல்லை.

முதல் ஸஃபில் இருக்கும் அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாரையாவது நம்பித்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். நெபுலைசரில் மருந்து ஊற்றத் தெரியாத மகன்கள் நம்மில் எத்தனை பேர்?

நாம் பழகியிருப்பது இயாதத், அதாவது நலம் விசாரிப்பு. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் உட்காருவோம், “எப்படி இருக்கு, எப்ப ஆரம்பிச்சுது” என்று கேட்போம். மூச்சுத் திணறுபவரைப் பேச வைப்பதே அவருக்குப் பாரம் என்பதுகூட நமக்குத் தோன்றுவதில்லை. தம்ரீள் என்னும் பணிவிடை வேறு. அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இளைப்பு வந்தால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வைத்து லேசாக முன்பக்கம் சாய விடுங்கள். மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சைப் புண் வரும். வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள்.

ஆக்சிஜன் விஷயத்தில் பாசம் தவறு செய்துவிடும். நமக்கு விரலில் மாட்டிப் பார்த்தால் 95க்கு மேல் காட்டும். சி.ஓ.பி.டி. நோயாளிகள் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்வார். எண் குறைவாக இருக்கிறதே என்று நாமாகவே மெஷினைக் கூட்டி வைத்தால், கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி அவர் மயக்கத்துக்குப் போய்விடலாம். உதடு நீலம் பாரித்தால், தூக்கமாகச் சரிந்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால் உடனே ஆஸ்பத்திரிதான். தொழுதுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

வியாழன் இரவு சாம்பிராணி போடும் வீடுகள் நம்மில் நிறைய. நுரையீரல் நோயாளி இருக்கும் வீட்டில் அந்தப் புகை வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்பே கூடாது, தீ சட்டென்று பற்றிக்கொள்ளும்.

காசநோய் என்றால் இன்றும் சில வீடுகளில் தட்டைத் தனியாக வைத்து, ஆளையும் ஒதுக்கிவிடுகிறார்கள். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதையும் வீட்டிலேயே வைத்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவு 1959இல் வெளியானது. வீட்டிலிருந்து ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்கு அதனால் ஆபத்து கூடிவிடவும் இல்லை. காசநோய் சிகிச்சையை உலகமே மாற்றிக்கொள்ளக் காரணமாக இருந்தது நம் சென்னையின் ஏழை வீடுகள். இருமும்போது வாயை மூடட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஒருநாள்கூட மருந்து விடுபடாமல் பாருங்கள். மனிதரை ஒதுக்காதீர்கள்.

நோயாளியின் தொழுகையும் பணிவிடையில் சேர்ந்ததுதான். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழும்படி இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுத்தந்தார்கள். ஸுஜூதுக்குக் குனிந்தால் மூச்சு அடைக்கிறவர் சைகையால் தொழட்டும். “பாவம், அவருக்கு எதுக்குத் தொழுகை” என்று நாமே தள்ளுபடி செய்ய வேண்டாம். குனிந்துதான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

நமது மஹல்லாவில் இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்வதை விரும்ப மாட்டார்கள். இங்கே 1 மணிக்கு ஜும்ஆ, பஸ் ஸ்டாண்டு பள்ளியில் 1.45க்கு. தம்பி இங்கே தொழுதுவிட்டு நேராக வீட்டுக்குப் போகிறார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணன் அத்தாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து கிளம்புகிறார். அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் வீட்டுப் பெண்கள் தொழுது, சாப்பிட்டு, சற்று உறங்குகிறார்கள்.